புதுப்பிப்பு: மறுபடியும் உளி பிடித்தாயிற்று

பல வருட இடைவெளிக்குப் பிறகு புடைப்புச் செதுக்கலுக்கு (பலகையில் உருவம் மேலெழுந்து நிற்கும்படி செதுக்குவது) திரும்புகிறேன், எந்த மரம் வாங்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பலரும் தேக்கு என்றீர்கள். கடைசியில் வாகைப் பலகைதான் எடுத்தேன். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு வாகையும் பயன்படுகிறது, அந்த ஆசைதான்.

தாமரை மேல் அன்னம் வரைந்திருக்கிறேன். வரைந்த கோட்டை ஒட்டி உளியைச் செங்குத்தாக வைத்துக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டி வெட்டுப் போட்டபிறகே நகவுளியால் (நகம்போல் வளைந்த முனையுள்ள உளி) பின்புலத்தைச் செதுக்கி இறக்குகிறேன். அந்த வெட்டு இல்லையென்றால் சில்லு இதழையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். வாகையின் இழை பின்னலானது. ஒரே இதழில் பாதிவரை வழுவழுவென்று சீவும், அப்புறம் பிய்க்கும். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இதில்தான் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை!

உளியின் கூர்மை பற்றிக் கேட்டவருக்கு: எண்ணெய்க்கல்லில் தீட்டி, தோல்பட்டையில் இழுங்கள். பிறகு துண்டு மரத்தில் இழைக்குக் குறுக்கே சீவிப் பாருங்கள். வெட்டு பளபளத்தால் சரி. வெள்ளைக் கோடு விழுந்தால் முனையில் எங்கோ பல் (சிறு உடைப்பு) விட்டிருக்கிறது, மறுபடி தீட்டணும்.

இறகுகள் பாக்கி. முடித்ததும் ஆளிவிதை எண்ணெயா, தேன்மெழுகா? வாகையில் பூசிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.