20,000 ரூபாய்க்குள் மினி பிசி: புதிய என்100-ஆ, அலுவலகத்தில் ஓடிய பழைய ஐ5-ஆ?

வைகைக்கரை:
மதுரையில் வீட்டு உபயோகத்துக்கு ஒரு மினி பிசி வாங்க வேண்டும். மானிட்டரும் கீபோர்டும் இருக்கின்றன. பெட்டி மட்டும் போதும், 20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாமனார் வங்கி வேலையும் தமிழ்த் தட்டச்சும் பார்ப்பார், மகளுக்கு இணைய வகுப்பு உண்டு, இரவில் யூடியூப் ஓடும். இன்டெல் என்100 பிராசஸரும் 8 ஜிபி ரேமும் கொண்ட புதிய பெட்டி, ஐ5-8500டி பிராசஸரும் 16 ஜிபி ரேமும் கொண்ட ரீஃபர்பிஷ்ட் (பயன்படுத்தியதைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. முன்னதற்கு ஓராண்டு வாரண்டி, பின்னதற்கு ஆறு மாதம். எதை எடுப்பது?

மின்கம்பி:
தயங்காமல் புதியதை எடுங்கள். என்100 2023-இல் வந்தது. 8500டி 2018-இல் வந்தது. முன்னது 6 வாட் வகை, பின்னது 35 வாட் வகை. யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும் ஏவி1 என்ற சுருக்க முறை வீடியோவை என்100 தன் கிராபிக்ஸ் பகுதியிலேயே விரித்துவிடும். 8500டி-யில் அந்த வசதி கிடையாது, பிராசஸரே அந்தச் சுமையையும் தூக்க வேண்டும். யாரோ ஓர் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் பகலிரவாக ஓடிய பெட்டியை, அதன் ஃபேனில் படிந்த தூசியோடு சேர்த்துப் பணம் கொடுத்து வாங்குவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

ரிச்சிதெருக்காரன்:
மின்கம்பி அவர்கள் சொன்ன ஏவி1 செய்தி சரி. ஆனால் 1080பி அளவில் 8500டி-யின் ஆறு கோர்கள் (பிராசஸருக்குள் கணக்கிடும் பகுதிகள்) அதைச் சிரமமின்றிச் சமாளிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வாட் கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்த 6, 35 என்ற எண்கள் சுவரிலிருந்து எப்போதும் இழுக்கும் மின்சாரம் அல்ல. பிரவுசரும் வேர்டும் திறந்திருக்கும் நிலையில் இரண்டுக்கும் 10 வாட் வித்தியாசம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 29 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் போட்டாலும் 200 ரூபாயைச் சற்றே தாண்டும். இதற்காகவா பழைய பெட்டியில் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு கோர்களையும் 8 ஜிபி ரேமையும் விட்டுக்கொடுப்பது?

உண்மையான வேறுபாடு ரேமில்தான் இருக்கிறது. என்100 ஒரே சேனலில்தான் (தரவு போய்வரும் பாதையில்) ரேமைக் கையாளும்; ஆகவே அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே ஸ்லாட்தான் இருக்கும், சில மாடல்களில் அதுவும் இல்லாமல் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அப்படியானால் வாங்கிய நாளில் இருக்கும் 8 ஜிபியே கடைசி வரைக்கும். விண்டோஸ் 11-இல் ஒரு வகுப்பும் பத்து குரோம் டேப்களும் திறந்தால் 8 ஜிபி திணறும். எம்720கியூவிலோ பின்புறத்தில் இருப்பது ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றி மேல்மூடியை முன்னோக்கித் தள்ளி எடுத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து அடிமூடியையும் நகர்த்தினால், இரண்டு ரேம் ஸ்லாட்டுகளும் எஸ்எஸ்டி-யும் கண்ணெதிரே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. எம்710கியூ பார்ப்பதற்கு இதைப் போலவே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது 6, 7-ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கானது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விலையைக் கண்டு மயங்கி அதை வாங்கிவிடாதீர்கள்.

மின்கம்பி:
மின்கட்டணக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். வாதம் அதோடு முடியவில்லை. நிறுவனங்கள் கழித்துவிடும் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கார்டே இருக்காது, ஏனென்றால் அங்கே எல்லாம் கேபிளில் ஓடியவை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும். லெனோவோவின் செவ்வக முனை அடாப்டருக்குப் பதிலாகக் கடைக்காரர் ஏதோவொரு போலியைச் சேர்த்துக் கொடுப்பார். இவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு உங்கள் யோசனை பொருந்தும். மாமனாருக்கு ஒரு கணினி வேண்டும் என்று கேட்டவருக்குப் பொருந்துமா?

நெல்லைச்சீமை:
மின்கம்பி அண்ணா, புதியது என்றால் கவலையில்லை என்பதும் முழு உண்மையல்ல. இந்த என்100 பெட்டிகளில் பல, நம் ஊரில் சர்வீஸ் சென்டரே இல்லாத சிறு சீன பிராண்டுகள். ஓராண்டு வாரண்டி என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், பழுதானால் யாரிடம் கொடுப்பது? வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். தவிர, 2024-இல் அப்படியொரு பிராண்டின் புதுப் பெட்டிகளிலேயே தீங்குநிரல் இருந்தது வெளிவந்ததை மறந்துவிடக் கூடாது. எதை வாங்கினாலும் விண்டோஸை அழித்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்துப் புதிதாகப் போடுவதே நல்லது.

யாராவது ராஸ்பெர்ரி பை 5 என்று தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: பவர் சப்ளை, கேஸ், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தால் அதுவும் இந்த விலையை நெருங்கிவிடும், வழக்கமான விண்டோஸும் ஓடாது.

வைகைக்கரை:
ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, கணினி வைக்கும் அறைக்குக் கேபிள் இழுக்க முடியாது. கரண்ட் போனால் வீட்டு இன்வர்ட்டரில் தாங்குமா?

ரிச்சிதெருக்காரன்:
இரண்டுமே தாங்கும், ஒரு பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கிறது, அதைவிட இவை குறைவு. இன்வர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோடுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள், இல்லையேல் கரண்ட் மாறும் கணத்தில் கணினி மறுபடி பூட் ஆகக்கூடும். வைஃபைக்குக் கடையிலேயே கார்டும் ஆன்டெனாவும் பொருத்தித் தரச் சொல்லி, அந்தச் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஆன் செய்து எஃப்1 விசையைத் தட்டுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். கேட்கவில்லையென்றால் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை லெனோவோ தளத்தில் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து எந்தப் பிராசஸரோடு வந்தது என்று தெரியும். அதே எண்ணைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

மின்கம்பி:
இவ்வளவையும் கடையில் நின்று பார்க்க முடியுமென்றால் எம்720கியூவை எடுக்கட்டும். முடியாதென்றால், உள்ளூர்ச் சர்வீஸ் உள்ள பிராண்டில், ரேமை 16 ஜிபி-யாக மாற்றிக்கொள்ளக்கூடிய என்100 பெட்டிதான் என் பதில். அதற்காக இன்னும் இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.