கொங்கு நாட்டுப் பழைய அணை, பாலம், மண்டபம்: கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கோபியிலிருந்து

நானே ஆரம்பிக்கிறேன்.

கொடிவேரி அணைக்குப் போகாதவர் நம்ம பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? குளிப்போம், பரிசலில் ஒரு சுற்றுப் போவோம், வறுத்த மீன் வாங்கித் தின்போம், ஈரத் துணியோடு பஸ் ஏறுவோம். நானும் இருபது வருடம் அப்படித்தான் போய் வந்தேன். அணையை அணையாகப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான்.

அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் குறைவு. அம்மாவைப் பெற்ற அப்பச்சி கூட வந்திருந்தார். அவர் வாய்க்காலில் லஸ்கராக வேலை பார்த்தவர். மதகைத் திறப்பது, அடைப்பது, கரையில் நண்டு வளை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பது, இதிலேயே ஆயுசில் பாதியைக் கழித்தவர். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அருவிப் பக்கம் போகப் பார்த்தேன். "அங்க அப்புறம் போலாம் கண்ணு, இங்க வந்து கையை வை" என்றார்.

பாறைமேல் பொருத்திய கல்வரிசை. இரண்டு கல் சேருகிற இடத்தில் என் விரலைப் பிடித்து இழுத்தார். இடுக்கில் நகம்கூட இறங்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் கல்லின் மூக்கு உடைந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. நகத்தால் கீறினேன். வெள்ளிபோலப் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. "ஈயம்" என்றார் அப்பச்சி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரும்பைக் கொடுத்து, சுற்றிலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். ஈயம் எதற்கு என்று கேட்டேன். இரும்பு தண்ணீர் பட்டால் துருவேறி ஊதும், ஊதினால் கல்லையே பிளந்துவிடும், ஈயம் சுற்றி இறுகிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாது என்றார். அவ்வளவுதான் விளக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கொங்காள்வான் என்ற சிற்றரசர் 1125ல் இந்த அணையைக் கட்டியதாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 900 வருடம். ஒரு கரையில் தடப்பள்ளி, மறு கரையில் அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால் பிரிகின்றன. இரண்டும் சேர்ந்து சுமார் 24,500 ஏக்கருக்குப் பாய்கின்றன. கோபி பக்கம் பச்சைப் பசேலென்று நெல் வயலைப் பார்த்து நின்று படம் எடுக்கிறவர்கள், அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை இந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

படித்ததை எழுத வேண்டாம். தொட்டது, நடந்தது, ஏறியது, யாராவது பெரியவர் காட்டிக் கொடுத்தது, அதை எழுதுங்கள்.

ஈரோட்டிலிருந்து

அண்ணா, உங்களுக்கு அப்பச்சி மாதிரி எனக்கு அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். எங்கள் வீடு காரைவாய்க்கால் பக்கம். சின்ன வயதில் அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததே இல்லை. காலிங்கராயன் வாய்க்காலும் பெரும்பள்ளம் ஓடையும் ஒன்றோடொன்று கலக்காமல் மேலும் கீழுமாகக் கடக்கிற இடம் அது. சுண்ணாம்புக் காரையால் கட்டியதால்தான் காரைவாய்க்கால் என்று அமுச்சி சொல்வார். ஒரு தண்ணீருக்கு மேல் இன்னொரு தண்ணீரை நடத்திக்கொண்டு போகும் யோசனை அந்தக் காலத்தில் ஒருவருக்கு வந்திருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

பவானியில் அணையிலிருந்து கிளம்பி, கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறையில் நொய்யலோடு சேர்கிறது வாய்க்கால். நீளம் சுமார் 90 கிலோமீட்டர். 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயர் வெட்டியது. பாம்பு முன்னால் ஊர்ந்து வழிகாட்ட, அதன் பின்னாலேயே வெட்டிப் போனார்கள், அதனால்தான் இத்தனை வளைவு என்று கதை சொல்வார்கள். நான் படித்தது சிவில். சர்வே வகுப்பில் லெவல் எடுக்கக் கற்ற பிறகுதான் அந்தப் பாம்பு எனக்குப் புரிந்தது. நேராக வெட்டினால் வாய்க்கால் பள்ளத்தில் இறங்கிவிடும், அப்புறம் மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாது. மண்ணின் மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சரிந்து போனால்தான் வழி நெடுக இருக்கிற வயலுக்கெல்லாம் பாயும். இன்றைக்கு இருக்கிற கருவி எதுவும் இல்லாமல் அந்த மட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள். கதை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பாம்பும் மேட்டைச் சுற்றித்தானே போகும்!

இன்னொன்றும் அமுச்சி சொல்வார். சொந்த ஆதாயத்துக்காக வெட்டினார் என்று யாரோ பேசிவிட்டார்களாம். அதற்காகக் காலிங்கராயர் தன் வம்சத்தார் யாரும் இந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்கே குடிபோய்விட்டாராம். தை 5ஆம் தேதி காலிங்கராயன் நாளில் விவசாயிகள் வாய்க்காலில் மலர் தூவும்போது எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வரும்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இதே தண்ணீர் ஒரு நாள் சிவப்பாக, ஒரு நாள் நீலமாகப் போனது. சாயத் தண்ணீர், தோல் ஊறவைத்த தண்ணீர் எல்லாம் இதில்தான். அமுச்சி படித்துறையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். கழிவைத் தனியாகக் கொண்டுபோகப் பக்கத்திலேயே பேபி கால்வாய் ஒன்று கட்டினார்கள். இப்போதும் நான் அந்த வழியாகப் போனால் வண்டியை நிறுத்தி, தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

குமாரபாளையத்திலிருந்து

பவானிக்கும் எங்களுக்கும் நடுவில் காவிரிமேல் வெள்ளைக்காரர் காலத்துப் பழைய பாலம் ஒன்று இருக்கிறதுங்க. பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது. அப்பாவுக்குப் பவானியில் ஜமக்காளத் தறி. விடிகாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பழைய பாலத்தில் போவார், நான் பின்னால் நடப்பேன். கனமான லாரி வந்தால் பாலம் உள்ளங்காலில் லேசாக அதிரும். "பயப்படாத, அது நம்மகிட்டப் பேசுது" என்பார். ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் கூட்டம் தாங்காது. அப்போது பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தால் பவானித் தண்ணீர் ஒரு நிறம், காவிரித் தண்ணீர் ஒரு நிறம். கொஞ்ச தூரம் சேராமலே போகும். எனக்கு அந்தப் பாலத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

தாரமங்கலத்திலிருந்து

என் அப்பா கொத்தனார். காரை அரைத்துப் பழகிய தலைமுறையில் கடைசி ஆட்களில் ஒருவர். சுண்ணாம்பை நீற்றி, மணல் கலந்து, வட்டமான கல்தொட்டியில் போட்டு, மாடு கட்டிச் செக்கு மாதிரி அரைப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டு விட்டு அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துவிடும் என்பார். அந்தக் காரை பூசின அன்றைக்கே இறுகிப் போகாது. காற்றில் இருக்கிற கரியமில வாயுவை வருடக் கணக்காக இழுத்து மறுபடி கல்லாகும். பழைய காரைச் சுவரில் சிமென்ட் பூசினால் அப்பாவுக்குக் கோபம் வரும். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே இருக்கிற காரை அந்த ஈரத்திலேயே ஊறி ஊறி உதிர்ந்துவிடும். ஒரு சத்திரத்துத் திண்ணையை இப்படிப் பூசிக் கெடுத்ததைப் பார்த்து, அந்த வேலையே வேண்டாம் என்று கரணையைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கடைசி காலத்தில் அவருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. ஒரு நாள் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கெட்டி முதலியார்கள் எழுப்பிய கோயில். 'ஆவுடையார்கோயில் கொடுங்கை, கடாரங்கொண்டான் மதில், தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி' என்று சிற்பிகள் சொல்கிற வரிசையில் எங்கள் ஊர்த் தூணும் இருக்கிறது. அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் போட்டால் இந்த நான்கைப் போல மட்டும் கேட்காதீர்கள் என்று எழுதிக்கொடுப்பார்களாம்.

எல்லாரும் போனால் முதலில் இராமன் தூணைத்தான் பார்ப்பார்கள். இராமன் நிற்கிற தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கிற தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரிய மாட்டான். அப்பா அதற்கு நிற்கவில்லை. நேராகச் சிங்கத்தூணுக்குப் போய், வாயைத் தடவித் தேடி, பல்லுக்கு இடையில் விரலைவிட்டு உள்ளே இருக்கிற கல் உருண்டையைத் தள்ளினார். கடகடவென்று உருண்டது. வெளியே எடுக்க முடியாது, ஏனென்றால் உருண்டை வாயைவிடப் பெரிது. ஒரே கல்லுக்குள், அந்த வாய் வழியாகவே உளியைவிட்டு உருண்டையைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அப்பா ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார். "கடைசிக் கொத்து எங்க கொத்தியிருப்பான்?" என்று கேட்டார். கல்லிலிருந்து உருண்டை விட்டுப்போகிற அந்தக் கடைசி அடி. அன்றையிலிருந்து அந்தத் தூணைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அந்த இடத்தைத்தான் தேடுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து

எங்கள் ஊர் மலை ரயிலை விட்டுவிட்டீர்களே! 1899ல் குன்னூர் வரைக்கும், 1908ல் ஊட்டி வரைக்கும் வந்தது. 250 பாலம், 16 குகை, 208 வளைவு. கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி என்கிற மாதிரி ஏற்றம். நடுத் தண்டவாளத்துப் பல்லைப் பல்சக்கரம் கவ்விக் கவ்வித்தான் ஏறும். என் மாமா அந்தப் பாதையில் கேங்மேன். பாலத்தில் கைப்பிடி கிடையாது, அடிக்கட்டைக்கு நடுவே பார்த்தால் கீழே பள்ளம். ஒவ்வொரு பாலத்திலும் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே நடப்பார். இறுகியிருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் வேறு சத்தம். வீட்டுக்கு வந்தும் சோற்றுத் தட்டைத் தட்டிப் பார்ப்பார்.

காங்கேயம் பக்கத்திலிருந்து

எங்கள் ஊரில் அணையும் இல்லை, பாலமும் இல்லை. சாலையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. நட்டு வைத்த இரண்டு கல்லின்மேல் படுக்கையாக ஒரு கல், ஆள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யார் உதவியும் இல்லாமல் மூட்டையை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு இளைப்பாறலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை வழிப்போக்கர்கள் இறக்கி வைப்பார்கள். சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் கல்லைப் பெயர்த்துக் குழியில் தள்ளிவிட்டார்கள். ஊரில் எட்டுப் பேர் கூடி, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து, பத்தடி தள்ளி மறுபடி நட்டோம். இப்போது சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியில் போகிறார்கள். ஆனாலும் சாயங்காலம் யாராவது ஒருவர் அதில் சாய்ந்து நிற்காத நாள் இல்லை.

பவானிசாகரிலிருந்து

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் ஆத்தா பிறந்த ஊர் அணைக்குள் இருக்கிறது.

மோயாறும் பவானியும் சேருகிற இடத்தில் டணாய்க்கன் கோட்டை. போசளர் காலத்துத் தண்டநாயகர், அதாவது படைத்தலைவர், கட்டியது, தண்டநாயகன்தான் பேச்சில் டணாய்க்கன் ஆனது. 1955ல் அணை வேலை முடிந்து தண்ணீர் ஏறியபோது கோட்டை, கோயில், ஊர் எல்லாம் உள்ளே போய்விட்டன. கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் மாதவப் பெருமாள் கோயில் மட்டும் தலையைக் காட்டும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு வறட்சியில் ஆத்தாவைப் பரிசலில் கூட்டிப் போனோம். எண்பது வயது தாண்டியிருந்தது.

சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோயில் சுவரில் தண்ணீர் நின்ற மட்டமெல்லாம் கோடு கோடாக இருந்தது. நாங்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு தூணுக்குத் தூண் ஓடினோம். ஆத்தா வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் அதிலிருந்த சேற்றைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க, கல்லில் செதுக்கிய ஒரு மீன் வந்தது. "இதுமேல கால் வெச்சுத் தாண்டக் கூடாதுன்னு எங்கம்மா அடிப்பா" என்றார். அப்புறம் எழுந்து, வெறும் மண்ணைக் காட்டி, இங்கே எங்கள் வாசல், அங்கே மாட்டுக்கொட்டகை, அந்தப் பக்கம் மாமன் வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது.

கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கர் பாய்கிறது. என் மாமனார் வீட்டு வயலும் அதில்தான். ஆத்தா அந்த வயலுக்கு வந்தால் வரப்பில் நின்று வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகம் கழுவிக்கொள்வார், வேறெங்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கோபியிலிருந்து

அக்கா, உங்கள் ஆத்தா துடைத்த அந்த மீனைப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் பரவாயில்லை, படி எந்தப் பக்கத்து வாசலில் இருந்தது, உள்ளே நுழையும்போது முதலாவதா இரண்டாவதா என்று மட்டும் எழுதி வையுங்கள். தாரமங்கலத்து அண்ணா, அப்பா காரையில் சுண்ணாம்புக்கு மணல் எத்தனை பங்கு போடுவார், எத்தனை நாள் புளிக்க வைப்பார் என்று ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் அப்பச்சிக்கு இப்போது காது கேட்பதில்லை. நீங்கள் எழுதியதையெல்லாம் பெரிய எழுத்தில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அடுத்த தடவை கொடிவேரியில் தண்ணீர் குறைந்தால் இங்கேயே சொல்கிறேன். வருகிறவர்கள் வாங்க, அந்த ஈயம் தெரிகிற கல்லைக் காட்டுகிறேன்.