ஐசிபிசி டீமுக்கு ஃபண்ட் எப்படி திரட்றது?

கேள்வி: எங்க பசங்க 3 பேர் ஐசிபிசி (காலேஜ் பசங்களுக்கான சர்வதேச புரோகிராமிங் போட்டி) ரீஜனல் ரவுண்டுக்கு செலக்ட் ஆயிட்டாங்க, கூட கோச் ஒருத்தர், டிக்கெட், ரூம், பதிவுக் கட்டணம்னு பட்ஜெட் எகிறுது. டிபார்ட்மென்ட்ல கேட்டா "பாக்கலாம்"ங்கறாங்க, ஃபைல் மேசையிலயே தூங்குது. யாராச்சும் சமாளிச்சிருக்கீங்களா?

பதில் 1: மொத்தமா உதவி கேட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. நாங்க டிக்கெட் இவ்ளோ, ரூம் இவ்ளோன்னு பிரிச்சு எழுதி பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோம், ஒரு அண்ணன் "ரிட்டர்ன் டிக்கெட் என்னோடது"ன்னார், அதைப் பாத்து மத்தவங்களும் வந்தாங்க.

பதில் 2: பணத்தை மட்டும் ஒருத்தரோட சொந்த அக்கவுண்ட்ல வாங்காதீங்க, பின்னாடி கணக்கு கேட்டு சண்டை வரும் (பட்டவன் சொல்றேன்). கம்பெனிகிட்ட போனா 3 பேருக்கு ஒரே கம்ப்யூட்டர், 5 மணி நேரம்னு போட்டியை விளக்குங்க, டீம்வொர்க்னா ஹெச்ஆருக்கு ரொம்பப் புடிக்கும்.

கேட்டவர்: சூப்பர்ங்க, இன்னைக்கே ஷீட் போடறேன்.