இடுப்பு மூட்டு மாற்றியும் அம்மாவுக்குத் தொடை நோவு

களுவாஞ்சிகுடி மகள்:
அம்மாவுக்கு 68 வயது. இடுப்பு மூட்டு மாற்றி மூன்று வருடம். போன வருடம் வரை சந்தைக்கும் கோயிலுக்கும் தனியாக நடந்து போய் வந்தார். இப்போது கதிரையை விட்டு எழும்பினால் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். நடுத்தொடையில் குத்துகிறதாம். ஏழெட்டு அடி வைத்தால் குறைகிறது. படுத்தால் நோவில்லை, காய்ச்சலும் இல்லை. கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வயசு நோவு என்று பெனடோல் எழுதித் தந்தார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. உள்ளே வைத்த சாமானில் பிழை இருக்குமா?

கல்முனை பிசியோ:
தங்கச்சி, அப்படியே விட்டுவிடாதீங்க. நன்றாக இருந்த காலில் புதிதாக நோவு வந்தால் காரணம் தேடத்தான் வேண்டும். முதல் அடிகளில் குத்தி, நடக்க நடக்கக் குறைவது, தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டு இளகும்போது வருகிற நோவு மாதிரித் தெரிகிறது. இடுப்பெலும்புக் குழியில் பொருத்திய கிண்ணம் இளகினால் பெரும்பாலும் கவட்டுப் பக்கம் நோகும்.

ஒரு எக்ஸ்ரேயை மட்டும் பார்த்தால் பிடிபடாமல் போகலாம். சத்திரசிகிச்சை முடிந்தவுடன் எடுத்த படத்தையும் கொண்டுபோய், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. தண்டு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தாலும், எலும்பு ஓரத்தில் கறுப்புக் கோடு அகன்றிருந்தாலும் அப்போதுதான் தெரியும். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சீஆர்பி இரத்தப் பரிசோதனையும் கேளுங்க. காய்ச்சல் இல்லாமலே மூட்டில் கிருமி இருக்கலாம், அதுவும் தண்டை இளக்கிவிடும். நாரியிலிருந்து இறங்கும் நோவும் தொடையில் தெரியும், அதையும் பார்க்க வேண்டும்.

அக்கரைப்பற்று:
எங்கட வாப்பாவுக்கு வேறு மாதிரி. நடந்தால் ஒன்றுமில்லை, ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கினால் கவட்டில் சுரீர் என்னும். கிண்ணத்தின் முன்விளிம்பு துருத்திக்கொண்டு, காலைத் தூக்கும் தசைநாரில் உரசியிருக்கிறது. சீடீ ஸ்கேனில்தான் பிடிபட்டது. அம்மாவுக்கு வைத்தது எந்த வகை? உலோகக் கிண்ணத்துக்குள் தண்டின் தலையில் இருக்கிற குண்டும் உலோகம் என்றால், இரண்டும் உரசி உலோகம் கசியலாம், இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்க வேண்டும். அப்படியான ஏஎஸ்ஆர் மூட்டைத்தான் 2010இல் டிப்யூ கம்பனி உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது.

களுவாஞ்சிகுடி மகள்:
வாட்டிலிருந்து தந்த அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, படம் எடுத்து மருந்துக்கடைத் தம்பியிடம் காட்டினேன். உலோகக் குண்டு, பிளாஸ்டிக் கிண்ணம். பழைய எக்ஸ்ரேயும் அலுமாரியில் தலையணை உறைக்குள் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கொண்டு போகிறோம். அதுவரை கைத்தடி எந்தக் கையில்?

கல்முனை பிசியோ:
நோகாத பக்கக் கையில். தடியும் நோகிற காலும் ஒன்றாக முன்னே போகட்டும். திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ திங்கள் வரை காத்திருக்க வேண்டாம். நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போங்க.