கச்சான் காற்றில் ஊர்க்கோழியை அடை வைக்கலாமா?

நிலாவெளிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளியில் கடற்கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. மூன்று ஊர்ப்பேடும் ஒரு சேவலும் நிற்கின்றன. அதில் கறுப்பி இப்போது அடைக்குக் கிடக்கிறது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. தூக்கி வெளியே விட்டால் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடிப்போய் வெறும் பெட்டியில் படுத்துக்கொள்கிறது. அடிநெஞ்சில் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறது.

பிரச்சினை காலம்தான். ஆனி மாத வெயிலும் தென்மேற்கில் இருந்து வறண்டு அடிக்கும் கச்சான் காற்றும் எப்படி என்று திருகோணமலை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில் தகரக் கூட்டுக்குள் கை வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் போன மாதம் அடை வைத்த முட்டைகளில் பாதிக்கு மேல் கூழாகிவிட்டன. மிச்சத்திலும் சில குஞ்சுகள் முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. அம்மா சொல்கிறா, கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளிய விடு, மாரி முடிந்து தையில் பார்க்கலாம் என்று.

எனக்கு மனமில்லை. மூன்று பேடும் இட்ட முட்டைகள் குசினியில் ஒரு கூடையில் இருக்கின்றன. பழையதும் புதியதும் கலந்து கிடக்கிறது, இரண்டு கிழமைக்கு மேற்பட்டதும் இருக்கும். இப்போதே வைக்கலாமா? வைத்தால் எந்த முட்டை, எங்கே, எத்தனை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

தம்பலகாமம் மாமி:

தம்பி, தாராளமாக வைக்கலாம். தண்ணீரில் முக்க வேண்டாம். அடைக்கு வந்த கோழி, அதுவும் கொத்த வருகிற கோழி, சும்மா கிடைக்காது. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தை, மாசிதான் எங்கள் பக்கத்தில் அடைக்கு நல்ல காலம். மழை விட்டிருக்கும், பெரும்போக வெட்டு வரும்போது குஞ்சுகளுக்குக் களத்தில் சிந்தின நெல்லும் புழுவும் தாராளம். ஆனால் கச்சானிலும் நான் வைத்திருக்கிறேன், பொரித்திருக்கிறது. அதற்கு இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று முட்டை, மற்றது இடம். மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

முட்டையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கச்சானில் அடை பிழைப்பது பெரும்பாலும் கோழி படுக்க முதலே. முட்டைக்குள் இருக்கும் கரு, கோழி படுத்த பிறகுதான் வளரத் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோழியின் அடியில் முட்டைக்குக் கிடைப்பது 37, 38 பாகைச் சூடு. இந்த மாதத்தில் நம் குசினிகளே 32, 33 பாகைக்குப் போகின்றன. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கும், ஒழுங்கான சூடு கிடைக்காமல் நடுவில் செத்துப்போகும். வெளியில் இருந்து பார்க்க நல்ல முட்டை மாதிரியே இருக்கும். அதைத்தான் பிறகு கோழியின் கீழ் வைத்துக் கூழாக்குகிறோம். பக்கத்து வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், கோழியின் மேல் பழி போட வேண்டாம்.

ஆகவே அந்தக் கூடையில் இருக்கும் பழைய முட்டைகளை வைக்க வேண்டாம். உடைத்து மணந்து பார்த்து நல்லதைப் பொரித்துச் சாப்பிடுங்கள். ஒரு கிழமைக்கு உட்பட்டவை மட்டும்தான் அடைக்கு. எது எப்போது இட்டது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்றிலிருந்து புதிதாகச் சேருங்கள். மற்ற இரண்டு பேடும் இட்டால் ஐந்தாறு நாளில் போதுமான அளவு சேர்ந்துவிடும். அதுவரை கறுப்பியின் கீழ் இரண்டு கழிவு முட்டையை வைத்துவிடுங்கள், அடை குலையாமல் கிடக்கும். முட்டை இட்டவுடனே எடுக்க வேண்டும், பின்னேரம் வரை கூட்டில் விடக் கூடாது. வீட்டின் குளிர்ந்த மூலையில் மணலை நனைத்து, அதில் ஒரு மண்சட்டியைப் பாதி புதைத்து, உள்ளே துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். மேலே ஈரத்துணி போட்ட மூடி. மணல் காயக் காயத் தண்ணீர் தெளித்தால் சட்டிக்குள் நல்ல குளிர்ச்சி நிற்கும். அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது, குஞ்சு முதல் மூச்சு விடுவது அதற்குள்தான், அதனால்தான் அந்த முனை மேலே இருக்க வேண்டும். அழுக்கு இருந்தாலும் கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கும். மிகப் பெரியது, மிகச் சின்னது, ஓடு சொரசொரத்தது, கீறல் விழுந்தது எதுவும் வேண்டாம்.

ஊர்ப்பேட்டுக்கு ஒன்பது அல்லது பதினொன்று போதும். ஒற்றைப்படையில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நெஞ்சுக்கு வெளியே முட்டை தெரிந்தால் எண்ணிக்கை கூடிவிட்டது என்று அர்த்தம்.

இனி இடம். தகரத்துக்குக் கீழே வேண்டவே வேண்டாம். குசினிக்குப் பின்பக்கம், மா அல்லது வேம்பு நிழல், ஓலைத் தாழ்வாரம், எங்கே கச்சான் நேரே அடிக்காதோ அங்கே வையுங்கள். இந்தக் காற்றில் சூட்டை விட வறட்சி பெரிய சத்துரு. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வறண்ட காற்று அவற்றின் வழியே உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிட்டால், உட்சவ்வு தோல் மாதிரி இறுகி, குஞ்சு கொத்தியும் வெளியே வர முடியாமல் ஒட்டிப்போகும். ஓட்டுக்குள் முழுக்குஞ்சு செத்துக் கிடந்தது என்று எழுதினீர்களே, கச்சானில் அதற்கு முதல் காரணம் இதுதான். அதனால் பழைய கடகத்திலோ அகன்ற சட்டியிலோ அடியில் நாலு விரல் ஈரமண் போட்டு, அதை நடுவில் கொஞ்சம் குழித்து, மேலே வைக்கோல் பரப்புங்கள். கடைசிக் கிழமையில் பின்னேரங்களில் சுற்றியுள்ள மண்ணில் தண்ணீர் தெளியுங்கள். முட்டையில் ஊற்ற வேண்டாம்.

வைக்கோலுக்குள் காய்ந்த வேப்பிலையும் கொஞ்சம் புகையிலைக் காம்பும் போடுவேன். பேன் ஏறினால் கோழி இருப்புக் கொள்ளாது, பதினைந்தாம் நாள் பதினாறாம் நாளில் எழும்பிப் போய்விடும். அடை வைக்க முதல் இறகைப் பிரித்து எச்சவாய்ப் பக்கம் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டு வைத்தால் வெளியே வரும்போது தானே புரண்டுகொள்ளும்.

பொழுதுபட்டு இருட்டின பிறகு கோழியைத் தூக்கிப் புது இடத்தில் வையுங்கள். பகலில் மாற்றினால் பழைய பெட்டிக்கே ஓடும். எல்லா முட்டையையும் ஒரே இரவில் வைக்க வேண்டும். கரிக்கோடோ பென்சில் கோடோ போட்டுவிடுங்கள், மற்றப் பேடு புகுந்து இட்டுவிட்டால் அடுத்த நாள் கோடில்லாததை எடுத்துவிடலாம்.

ஒரு நாளைக்கு ஒரு முறை, கால்மணி, இருபது நிமிடம் கோழி எழும்பும். பெரிய, நாற்றமான எச்சம் போடும், அது வழமை. நெல்லும் குரக்கனும் தண்ணீரும் கிட்டவே இருக்கட்டும். எழும்பாமலே கிடக்கும் கோழியும் உண்டு, அதை நீங்கள் தூக்கிவிட வேண்டும். தூக்கும்போது செட்டைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். மற்றபடி மணிக்கொரு தரம் போய்ப் பார்க்க வேண்டாம், முட்டையைப் புரட்டவும் வேண்டாம். அது தன் சொண்டால் நாள் முழுக்கப் புரட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஏழாம் நாள் இரவு போன் வெளிச்சத்தை அகன்ற முனையில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி நரம்பு பரவியிருந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கருக்கட்டவில்லை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், கூழ்முட்டை உள்ளே வெடித்தால் மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

இடி இடிக்கும் என்று பெட்டிக்குள் இரும்பாணியும் கரித்துண்டும் வைப்பது அம்மா காலத்து வழக்கம். நானும் வைக்கிறேன். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

இருபதாம் நாளே உள்ளே சத்தம் கேட்கும். ஓட்டில் ஓட்டை விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர பன்னிரண்டு மணித்தியாலம் முதல் ஒரு நாள் வரை எடுக்கும். ஓட்டை உரித்து உதவி செய்யப் போகாதீர்கள், இரத்தம் வற்ற முதல் உரித்தால் குஞ்சு தங்காது. பொரித்த குஞ்சுக்கு உடனே தீன் வேண்டியதில்லை. மஞ்சட்கரு வயிற்றுக்குள் போயிருக்கும், இரண்டு நாளைக்கு அது போதும். கோழி குஞ்சுகளோடு தானாக எழும்பும் வரை விட்டுவிடுங்கள்.

கிண்ணியா நானா:

மாமி நன்றாகச் சொல்லிவிட்டா. நான் தடுப்பு மருந்து பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பொரிப்பது சுகம், காப்பாற்றுவதுதான் கஷ்டம். ராணிக்கெட் நோய் வந்தால் ஒரு கிழமைக்குள் கூடு வெறுமையாகும். பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும். வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பு மருந்துக் குப்பியில் நியூகாசில் என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

குஞ்சுக்கு ஒரு கிழமை ஆகும்போது கண்ணில் ஒரு சொட்டு, பிறகு மூன்று நான்கு கிழமையில் இன்னொன்று. நாட்களைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்குப் போதுமான மருந்து இருக்கும், கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஒன்பது குஞ்சுக்காக வாங்கினால் மிச்சம் வீண். நாங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீடும் சேர்ந்து ஒரே நாளில் போடுகிறோம். ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தால் அது மருந்தே இல்லை, வெறும் தண்ணீர்.

ஐப்பசி மழை தொடங்கினதும் நுளம்பு பெருகும், நுளம்பால்தான் கோழி அம்மை பரவுகிறது. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பரு வரும். அதற்குச் செட்டைத் தோலில் குத்தும் தனி மருந்து உண்டு. தம்பி இப்போது வைத்தால் மழைக்குள் குஞ்சுகள் ஓரளவு வளர்ந்திருக்கும். மழைக்காலத்துக்குள் குத்தி முடித்துவிடுங்கள்.

நிலாவெளிக்காரன்:

மாமி, நானா, மிக்க நன்றி. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், சம்மதித்துவிட்டா. மண்சட்டி மணலுக்குள் இறங்கிவிட்டது, புது முட்டை சேரத் தொடங்கியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. குஞ்சுக்கு முதல் நாட்களில் என்ன போடுவது? இங்கே மீன் கழிவும் கருவாட்டுத் தூளும் தாராளமாகக் கிடைக்கும். மற்றது, பொரித்தது குறைந்தால் கடையில் குஞ்சு வாங்கிக் கறுப்பியோடு விடலாமா?

தம்பலகாமம் மாமி:

கருவாட்டுத் தூள் கூடவே கூடாது தம்பி. உப்பு குஞ்சைக் கொல்லும், அதிகம் தேவையில்லை. பச்சை மீன் கழிவை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொஞ்சம் கொடுக்கலாம், அதுவும் இரண்டாம் கிழமைக்குப் பிறகு. முதல் நாட்களில் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம், இல்லாவிட்டால் அரிசிக் குறுணலும் அவித்த முட்டையும் நன்றாக நசுக்கிப் போடுங்கள். கறையான் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு பழைய பானையில் காய்ந்த சாணமும் வைக்கோலும் திணித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் உள்ளே நிறைந்திருக்கும். கறுப்பி "கொக் கொக்" என்று கூப்பிட்டுக் குஞ்சுகளுக்குக் கொத்திக் காட்டுவதைப் பாருங்கள், எவ்வளவு அருமையான தாய் என்று தெரியும். தண்ணீரைச் சிரட்டையில் வைத்து உள்ளே நாலைந்து கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து சாகும். இடம் ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தில்தான் இரத்தக் கழிச்சல் வரும்.

வாங்கின குஞ்சு விடலாம், ஆனால் ஒருநாள் குஞ்சாக இருக்க வேண்டும், கறுப்பியின் குஞ்சுகள் பொரித்து ஒரு நாள் இரண்டு நாளுக்குள் விட வேண்டும். இருட்டில் ஒவ்வொன்றாகச் செட்டைக்குள் தள்ளிவிடுங்கள். விடிய எழும்பிப் போய் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள், நிறம் வேறு என்று கொத்துகிற கோழியும் இருக்கிறது. கொத்தினால் உடனே எடுத்துவிட்டு மின்குமிழ்ச் சூட்டில் வளருங்கள்.

குச்சவெளி மீன்வலை:

கடற்கரைப் பக்கம் என்றால் செம்பருந்தும் காகமும்தான் முதல் எதிரி. குஞ்சு விடும் முற்றத்துக்கு மேலே பழைய மீன்வலையைக் கட்டிவிடுங்கள், நிலாவெளியில் அது சும்மாவே கிடைக்கும். கண் சின்ன வலையாகப் பாருங்கள். தரையோடு தொங்க விடாதீர்கள், பாம்பு சிக்கி நிற்கும், அவிழ்க்கப் போகிறவருக்கு ஆபத்து.

அடைப் பெட்டிக்கு இரவில் மரநாய் வரும், பகலில் சாரையும் கீரியும். வலை போதாது, கம்பிவலை அடித்த கூடு வேண்டும், சுண்டுவிரல் போகாத அளவு கண். கீரி தோண்டும், அதனால் கம்பியை ஒரு சாண் மண்ணுக்குள் இறக்குங்கள். நீங்கள் இருப்பது மணல் தரை, ஒரு சாண் கூடப் போதாமல் போகலாம், அடியில் கல் அடுக்கிவிடுங்கள்.