கேசட் லூப்: குரல் தள்ளாடுகிறது, அடுக்கும் சேரவில்லை

மண்டபத்தான்:
அப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டூ இன் ஒன்னை, ஒரே ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஓடும் லூப் இசைக்காகத் திறந்திருக்கிறேன். மண்டபம் கரையில் விடியற்காலை மீன் ஏலம் கூவும் குரலில் ஐந்து நொடி எடுத்து, கேசட்டுக்குள் 24 செ.மீ. நாடாவை வளையமாக ஒட்டினேன். சுற்றுகிறது. ஆனால் குரல் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் தள்ளாடுகிறது. அதன்மேல் வள்ளத்து என்ஜின் சத்தத்தைப் பதிந்தால் ஏலக்குரலே காணாமல் போகிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். உதவுங்கள்.

கீழக்கரை சபுராளி:
தம்பி, முதலில் தள்ளாட்டத்தை எண்ணுங்கள். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஐந்து நொடிக்கு ஒரு தடவை வந்தால் ஒட்டில் கோளாறு. நொடிக்கு ஒன்றரை தடவை என்றால் நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் ரோலர். அதைவிட வேகமாக நடுங்கினால், சுழன்று நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பி. நம் கரை உப்புக்காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மண்டபத்தான்:
பத்து நொடியில் பதினைந்து, காக்கா. ரோலரைக் கழற்றினேன். ரப்பரில் ஓரிடத்தில் நகம் அழுந்தியது போலக் குறுக்கே ஒரு பள்ளம்.

கீழக்கரை சபுராளி:
பிளே பட்டன் அமுங்கியபடியே பரணில் கிடந்திருக்கும். அந்த ரப்பர் இனித் தேறாது, அதே அளவில் வேறு போடுங்கள். கம்பியை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தொண்டிக்காரி:
அடுக்கு சேராததற்குக் காரணம், பதியும் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் அழிக்கும் ஹெட். அது வெறும் காந்தமாக இருந்தால் கழற்றிவிடலாம். வயர் வந்தால் வெட்டாதீர்கள் தம்பி. பதிவு தெளிவாக விழ ஒலியோடு சேர்த்து அனுப்பும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்தான் பயாஸ். பல செட்டுகளில் அதை உண்டாக்கும் ஆசிலேட்டர் அந்த ஹெட்டின் சுருளை நம்பித்தான் ஓடுகிறது. வெட்டினால் பதிவே கெட்டுப்போகும். அதன் முகத்தில் ஃபைல் உறை பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு ஒட்டி, நாடாவைத் தள்ளி ஓடவிடுங்கள். போதாவிட்டால் இன்னொரு துண்டு. அப்போதும், புதிதாகப் பதியும்போது பயாஸ் பழைய அடுக்கைக் கொஞ்சம் மங்கவைக்கும், கூர்மையான ஓசைகள் முதலில் போகும். எனக்கு அந்த மங்கல் ரொம்பப் பிடிக்கும், வள்ளம் கரையை விட்டு விலகுவதைக் கேட்பது போல இருக்கும். எது முன்னால் நிற்க வேண்டுமோ அதைக் கடைசியில் பதியுங்கள்.

மண்டபத்தான்:
ராமநாதபுரத்தில் ஒரு ரிப்பேர் கடையில் பழைய செட்டிலிருந்து ரோலர் கிடைத்தது. தள்ளாட்டம் நின்றது! வயர் ஹெட்தான், அக்கா. பிளாஸ்டிக் இரண்டு துண்டு வைத்தேன். இப்போது என்ஜின் அடியில் மங்கலாக ஓடுகிறது, மேலே ஏலக்குரல் தெளிவாக நிற்கிறது. ஒட்டு வரும்போது மட்டும் ‘டக்’ என்கிறது.

தொண்டிக்காரி:
நேராக வெட்டியிருப்பீர்கள். 45 டிகிரி சாய்த்து வெட்டி, நாடாவின் முதுகுப் பக்கம், நாடா ஒட்டவென்றே வரும் ஸ்பிளைசிங் டேப் ஒட்டுங்கள். செலோ டேப் ஆகாது, பசை கசிந்து ஹெட்டில் அப்பும்.