இளையராஜா சாரின் பாட்டில்லாத இசை எனக்கு மட்டும்தான் ஏறவில்லையா?

குடியாத்தம் கேசட்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். 1985-லிருந்து குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60, 90 நிமிடக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்போம். பத்து லிஸ்ட் வந்தால் எட்டு முழுக்க ராஜா சார் பாட்டாகத்தான் இருக்கும். அவர் போட்ட சோறு என்று சொன்னால் மிகையில்லை. இப்போது அதே இடத்தில் செல்போன் கவர் விற்கிறேன்.

1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று அவருடைய வெறும் வாத்திய இசை ஆல்பம் வந்தது. அட்டையில் அவர் பெயரைப் பார்த்ததுமே பத்து கேசட் எடுத்துவிட்டேன். விற்றது மூன்று. அதிலும் ஒன்று மறுநாளே திரும்பி வந்தது. வாங்கியவர் லுங்கித் தறி போடுகிறவர். கேசட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, “இன்னாப்பா, பாட்டே இல்ல? ரெண்டு பக்கமும் வெறும் ரீரெக்கார்டிங்கா ஓடுது, மாத்திக் குடுத்துட்டியா?” என்றார். மாற்றவில்லை, அது அப்படித்தான் என்றேன். “தறியில உக்காந்து இத கேக்க முடியாது. ஓடுது, திடீர்னு நிக்குது, வேற பக்கம் திரும்புது. தறி நாடா ரெண்டு வாட்டி கீழ விழுந்துடுச்சு” என்றார். கால் மிதிக்கும் கைக்கும் ஒரு கணக்கு உண்டு, கேட்கிற பாட்டு அதோடு சேர்ந்து போகவேண்டும். நானும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான், எனக்குப் புரிந்தது. ‘வைதேகி காத்திருந்தாள்’ கேசட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

இந்தக் கதை இப்போது எதற்கு என்றால், 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவோடு ராஜா சார் தன் சிம்பொனியை, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கென்று எழுதிய மேற்கத்திய இசையை, அரங்கேற்றியதிலிருந்து என் கடை வாசலில் இரண்டு கட்சி. சாயங்காலம் டீ குடிக்க வருகிற ஒருவர், “இதுதான்யா அவரோட நெஜமான வேலை, சினிமா எல்லாம் வயித்துப் பொழப்பு” என்கிறார். இன்னொருவர், “ஊரே பாடுற பாட்டுப் போட்ட மனுசனுக்கு லண்டன்காரன் சர்டிபிகேட் எதுக்கு?” என்கிறார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது.

நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ‘ஹவ் டு நேம் இட்’டை அன்றும் முழுதாகக் கேட்கவில்லை, இன்றும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். பிடித்தவர்கள் சொல்லுங்கள், இதை எப்படிக் கேட்கிறீர்கள்? மேதை, ஞானி என்ற பட்டமெல்லாம் வேண்டாம், அது எனக்கும் தெரியும்.

பாகாயம் டெனர்:

அண்ணா, வேலூரில் ஒரு சர்ச் குயரில், அதாவது பாடகர் குழுவில், முப்பது வருஷமாக டெனர் (ஆண்களில் மேல் குரல்) பாடுகிறேன். குயரில் நாலு பிரிவு. பெண்களில் மேல் குரலான சொப்ரானோவுக்குத்தான் பெரும்பாலும் மெட்டு கிடைக்கும். எங்களுக்குக் கிடைப்பது கீழே ஏறி இறங்கும் ஏதோ ஒரு வரி. கிறிஸ்துமஸ் பாட்டை வீட்டில் தனியாகப் பிராக்டிஸ் செய்தால் என் மனைவிக்கு அது என்ன பாட்டென்றே தெரியாது. நாலும் சேர்ந்தால்தான் அது பாட்டு.

‘சிட்டுக்குருவி’யில் வருகிற ‘என் கண்மணி’ பாட்டை நீங்கள் எத்தனை பேருக்குப் பதிந்து கொடுத்திருப்பீர்கள்? 1978-ல் வந்தது. எஸ்.பி.பி.யும் சுசீலா அம்மாவும் பாடியது. அதில் ஒருவர் மெட்டின்மேல் இன்னொருவருடையது ஏறி, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகிற இடம் உண்டு. அதற்குக் கவுன்டர்பாயின்ட் என்று பெயர். அதில் பெரிய ஆள் பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர். ‘ஹவ் டு நேம் இட்’டைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் ராஜா சமர்ப்பித்தார். அப்புறம் ‘சிந்து பைரவி’யின் ‘கலைவாணியே’. முழுப் பாட்டும் ஆரோகணம் மட்டும், ஸ்வரம் இறங்கவே இறங்காது. இது பரிசோதனை இல்லாமல் என்ன? அந்தக் கேசட்டை யாராவது திருப்பிக் கொண்டுவந்தார்களா?

ஆகவே “இப்போது திசை மாறிவிட்டார்” என்று இரண்டு கட்சிக்காரர்களும் சொல்வதே தப்பு. முன்பு அதன்மேல் வார்த்தையும் அடியில் தாளமும் இருந்தன, அவ்வளவுதான்.

கேட்கிற வழி: ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கீழே போகிற செல்லோ, பெரிய வயலின் மாதிரி இருக்குமே, அது. மற்றதெல்லாம் எக்கேடோ கெடட்டும். அடுத்த தடவை வேறு ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும்.

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட்:

டெனர் சார் சொல்வது சரி, ஆனால் ஒரு விஷயம். பிடிக்கவில்லை என்றால் உடனே “உனக்குக் கேட்கத் தெரியவில்லை” என்று பாடம் எடுக்க வந்துவிடுகிறார்கள். இவர் நல்லபடியாகச் சொன்னார், எல்லோரும் அப்படி இல்லை.

எனக்கு 1988-ல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ உயிர். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். ஷிப்ட் முடித்து விடியற்காலையில் பாலாற்றுப் பாலத்தில் பைக்கில் வரும்போது அதைத் தவிர வேறு எதுவும் காதுக்கு ஒத்துவராது. ‘ஹவ் டு நேம் இட்’டில் வயலின் தனியாக நிற்கிற இடங்கள் பிரமாதம். கிடாரும் டிரம்ஸும் சேர்ந்தால் தூர்தர்ஷனில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ போட்டுவிட்டு ஓடவிடும் இசை மாதிரி இருக்கிறது. திட்டுவதென்றால் திட்டுங்கள், நான் ரசிகன்தான்.

தோட்டப்பாளையம் அடியார்:

என் வழக்கு வேறு. 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவை வைத்து ராஜா திருவாசகம் செய்தார். எனக்குத் திருவாசகம் என்றால் ஓதுவார், ஓதுவார் என்றால் மோகன ராகம். சின்ன வயதிலிருந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கேட்டுப் பழகிய காது. திருவண்ணாமலைக்குப் போகும்போது தங்கை மகன் காரில் அதைப் போட்டான். நடுவில் இங்கிலீஷ் வந்ததும் “நிறுத்துடா” என்றேன். கண்ணமங்கலம் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.

இப்போது ‘பூவார் சென்னி மன்னன்’ மட்டும் தனியாகக் கேட்கிறேன், கண் கலங்குகிறது. இங்கிலீஷ் வருகிற இடத்தை இன்றைக்கும் தாண்டிவிடுவேன். மாணிக்கவாசகர் எழுதியது போதாதா என்ன?

குடியாத்தம் கேசட்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டெனர் தம்பி சொன்னபடி ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இயர்போனில் கேட்டேன். (அன்று திரும்பி வந்த கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. அதனால் போனில்தான்.)

முதலில் ‘என் கண்மணி’. இத்தனை வருஷம் பதிந்து கொடுத்தும், இருவரும் மாறி மாறிக் கேள்வி-பதில் மாதிரி பாடுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கவனித்துக் கேட்டால், இருவரும் ஒரே மூச்சில் வேறு வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ மூன்று தடவை. முதல் தடவை ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஒரு வயலினைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விட்டேன், இன்னொன்று நழுவிவிட்டது. இதுவரை அவ்வளவுதான். முழு ஆல்பத்துக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்தத் தறிக்காரர் நேற்று போன் சார்ஜர் வாங்க வந்தார். உட்காரவைத்து ‘என் கண்மணி’யைப் போட்டு, “ரெண்டு மெட்டு ஒண்ணா ஓடுது பாருண்ணா” என்று காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதான் அடியில தாளம் ஒரே சீரா நிக்குதே. அப்புறம் மேல எத்தினி மெட்டு ஓடுனா எனக்கு இன்னா?”

டெனர் தம்பி, ‘ஹவ் டு நேம் இட்’டில் தாளம் ஒரே சீராக நிற்கிற மாதிரி ஏதாவது ஒரு துண்டு இருந்தால் சொல்லுங்கள். தறிக்காரர் சார்ஜருக்குக் கேபிள் வாங்க மறந்துவிட்டுப் போயிருக்கிறார், எப்படியும் திரும்ப வருவார்.